வாசகர் கேள்வி – பதில்: பருந்து முதலில் பருந்துதான்

கவிதையில் எழுதியிருப்பது எங்கே முடிகிறது, அது உணர்த்துவது எங்கே தொடங்குகிறது என்ற ஒரே இடத்தைச் சுற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பாரதியாரின் 'அக்கினிக் குஞ்சு' பாட்டில் குஞ்சு என்பது விடுதலை வேட்கை என்று உரைநூலில் படித்தேன். வகுப்பில் ஞானம் என்று சொன்னார்கள். எது சரி? எதை வைத்துத் தீர்மானிப்பது? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: இரண்டு விடைகளையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டை முழுதாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் – அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்;
வெந்து தணிந்தது காடு, – தழல்
வீரத்தில் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?
தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்!

அடுத்து, இதில் என்ன நடந்தது என்று உரைநடையில் சொல்லிப் பாருங்கள். சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. ஒருவன் சின்னஞ்சிறு நெருப்பு ஒன்றைப் பார்த்தான். அதை எடுத்துக் காட்டில் ஒரு பொந்துக்குள் வைத்தான். காடு வெந்தது, தணிந்தது. நெருப்பின் வீரத்தில் சிறியது பெரியது உண்டா என்று கேட்கிறான். பிறகு ஒரு ஜதி. அவ்வளவுதான் கதை. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள்.

இனிச் சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பாரதி 'பொறி' என்று எழுதவில்லை, 'குஞ்சு' என்கிறார். குஞ்சு பறவைக்குரிய சொல். அடுத்த அடியில் 'பொந்து' வருகிறது. பறவை தன் குஞ்சை வைக்கும் இடம் அது. ஆக, நெருப்பை எறியவில்லை, கொளுத்தவில்லை. ஒரு குஞ்சைப் பொந்தில் விடுவதுபோல வைத்திருக்கிறான். அந்தக் கை மென்மையான கை. குஞ்சு என்றால் தீப்பொறி என்று பொருள் எழுதி நகர்ந்துவிட்டால் இந்த மென்மை முழுக்கக் காணாமல் போய்விடும்.

மூன்றாம் அடி இன்னும் முக்கியம். வைத்ததற்கும் தணிந்ததற்கும் நடுவே காடு எரிகிற காட்சியே கிடையாது. 'வெந்து தணிந்தது', இரண்டே சொல். அதிலும் 'தணிந்தது' என்ற வினை, எரிந்து அடங்கிய பின் வரும் அமைதியைச் சொல்கிறது. கோபம் தணிகிறது, தாகம் தணிகிறது என்கிறோமே, அந்தத் தணிவு. கடைசி அடியின் தத்தரிகிட என்பதற்கு அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை. அது தாளம். அங்கே ஓசைதான் பொருள்.

இப்போது இரண்டு விடைகளையும் திரும்ப எடுங்கள். விடுதலை வேட்கை என்றால் சிறு தொடக்கம் பெரும் விளைவைத் தருவதும், 'வீரம்' என்ற சொல்லும், குஞ்சு–மூப்பு என்ற கேள்வியும் பொருந்துகின்றன. 'தணிந்தது' மட்டும் கொஞ்சம் தளர்வாக நிற்கிறது. ஞானம் என்றால், அறியாமைக் காடு வெந்தபின் வரும் தணிவு கச்சிதமாகப் பொருந்துகிறது. 'வீரம்' என்ற சொல்லுக்குத்தான் கூடுதலாக விளக்கம் தேவைப்படுகிறது. இரண்டும் நிற்கும். காட்டின் அழிவுக்காகக் கவிஞர் வருந்துகிறார் என்று ஒருவர் எழுதினால் அது நிற்காது. நெருப்பின் செயலை வீரம் என்கிற நான்காம் அடியும் துள்ளும் ஜதியும் அதை ஒப்பவில்லை.

தேர்வுக்கு வழி இதுதான்: ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, பாட்டிலிருந்து குறைந்தது மூன்று சொற்கள் அந்தப் பொருளோடு எப்படி ஒட்டுகின்றன என்று காட்டுங்கள். எந்தச் சொல் ஒட்டாமல் நிற்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அதை மறைக்கிற விடையைவிடச் சொல்கிற விடை நேர்மையானது, திருத்துகிறவர்க்கும் அது தெரியும்.

கேள்வி: உவமை, உருவகம், படிமம், குறியீடு – நான்கையும் குழப்பிக்கொள்கிறேன். சுருக்கமாகச் சொல்ல முடியுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஒரே விளக்கை வைத்துக்கொள்வோம். 'விளக்குப் போன்ற முகம்' உவமை. 'முகவிளக்கு' உருவகம். 'தாழ்வாரத்து மழைச்சாரலில் திரி கருகிப் புகைகிற அரிக்கேன்' படிமம். கண்ணுக்கும் மூக்கிற்கும் பொருளை அப்படியே கொண்டுவந்து வைக்கிறது. அதே அரிக்கேன் கவிதையின் தொடக்கத்தில் எரிந்து, நடுவில் யாரோ திரியை இறக்கி, முடிவில் கரிபிடித்த கண்ணாடியாக மட்டும் பரணில் கிடந்தால், அது அந்த வீட்டின் கதையையும் சுமக்கத் தொடங்கிவிடும். அப்போது குறியீடு.

உருவகத்தையும் குறியீட்டையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. கவிதைக்குள் நடந்துபோனால் அந்தப் பொருளைக் கையால் தொட முடியுமா என்று கேளுங்கள். முகவிளக்கில் தொடுவதற்கு விளக்கு இல்லை, முகம்தான் இருக்கிறது. பரணில் கிடக்கிற அரிக்கேனைத் தொடலாம். பிரமிளின் புகழ்பெற்ற 'காவியம்' கவிதையில் சிறகிலிருந்து பிரிந்த இறகைத் தொடலாம். 'காற்றின் தீராத பக்கங்கள்' என்பதில் பக்கத்தைத் தொட முடியாது, அது உருவகம். தொடக்கூடிய இறகு தொட முடியாத பக்கத்தில் எழுதிச் செல்கிறது. இறகு முன்பு எழுதுகோலாகவும் இருந்த பொருள் என்பதால் அந்த இணைப்பு இயல்பாக விழுகிறது. ஆறு வரிக் கவிதைக்குக் 'காவியம்' என்று தலைப்பு வைத்திருப்பதையும் கவனியுங்கள். அந்தத் தலைப்பை எடுத்துவிட்டால் இறகு அழகாக மிதக்கும், ஆனால் ஒரு முழு வாழ்வின் எடை அதில் ஏறாது.

கேள்வி: குறியீடு புரியாமல் ஒரு கவிதையைப் படித்து ரசித்தால், அது அரைகுறை வாசிப்பா? (இல்லத்தரசி, தூத்துக்குடி)

பதில்: இல்லை. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட், 1918-இல் தம் நூலில் சேர்த்த ஒரு கட்டுரையில் இதற்கு அளவுகோலே வைத்திருக்கிறார்: குறியீட்டைக் குறியீடாக அறியாத வாசகருக்கும், பருந்தைப் பருந்தாக மட்டுமே பார்க்கிறவருக்கும், கவிதையின் பொருளும் கவித்துவமும் கெடாமல் கிடைக்க வேண்டும் என்றார். பொறுப்பு எழுதுகிறவருடையது.

திருக்குறளில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகு ஏற்றிய வண்டிதான், ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். குறளுக்குள் வேறு எதுவும் இல்லை. அரசன் இல்லை, பகைவன் இல்லை, 'போல' என்ற சொல்கூட இல்லை. இதைத்தான் பிறிது மொழிதல் அணி என்கிறோம். இது 'வலியறிதல்' அதிகாரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், எளிய பகைவரும் பலர் கூடினால் வலியவனும் வீழ்வான் என்ற பொருள் திறந்துகொள்கிறது. அதிகாரம் தெரியாமல் படித்தவருக்கும் நஷ்டமில்லை. வண்டி முறிகிற ஓசை கேட்டிருக்கும். அங்கே அதிகாரத் தலைப்பு செய்கிற வேலையைத்தான் இன்றைய கவிதையில் கவிதைத் தலைப்பு செய்கிறது. அதனால் தலைப்பைப் படிக்காமல் முதல் வரிக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் இரண்டு பாதைகள் கவிதையைப் பட்டமளிப்பு விழாக்களில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 'பிறர் போகாத பாதையில் துணிந்து போ' என்பதுதானே அதன் கருத்து? நண்பர் ஒருவர் இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருகிறார். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பர் பக்கம்தான் கவிதை நிற்கிறது. அதன் வரிகளே சாட்சி.

மொத்தம் நான்கு பத்திகள், பத்திக்கு ஐந்து வரி. முதல் பத்தியில் இலைகள் மஞ்சளான காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதையை அது புதருக்குள் வளையும் இடம்வரை நின்று பார்க்கிறார். இரண்டாம் பத்தியில் மற்றதை எடுக்கிறார். அதில் புல் இருந்தது, அதனால் அது கொஞ்சம் கூடுதல் உரிமை கோரியதோ என்கிறார். உடனே தன்னையே திருத்திக்கொள்கிறார்: உண்மையில் ஆள் நடமாட்டம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்த்திருந்தது. மூன்றாம் பத்தி அதை இன்னும் இறுக்குகிறது. அன்று காலை இரண்டு பாதைகளும் ஒன்றுபோலவே, யாரும் மிதித்துக் கருக்காத இலைகளின் கீழ்க் கிடந்தன.

அதாவது 'குறைவாகப் போன பாதை' என்று ஒன்று அந்தக் காட்டில் இல்லவே இல்லை. பிறகு மேடையில் முழங்குகிற அந்த வரி எங்கிருந்து வந்தது? நான்காம் பத்தியில், எதிர்காலத்தில் வருகிறது. 'வெகு காலம் கழித்து, எங்கோ இருந்து, ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன்' என்று தொடங்கி, குறைவாகப் போன பாதையை எடுத்தேன், அதனால்தான் எல்லாம் மாறிற்று என்று தான் சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்கிறார். வயதான பின் சொல்லப்போகும் கதை அது. அந்தக் கதைக்கு எதிரான சாட்சியத்தை முந்தைய இரண்டு பத்திகளில் அவரே பதிவு செய்து வைத்துவிட்டார். தலைப்பும் அவர் எடுத்த பாதையைப் பற்றியதல்ல, எடுக்காத பாதையைப் பற்றியது.

1915-இல் இதழில் வெளியாகி, 1916-இல் தொகுப்பின் முதல் கவிதையாக வந்தது இது. இங்கிலாந்தில் இருந்தபோது ஃப்ராஸ்ட்டோடு நடைபோன கவிஞர் எட்வர்டு தாமஸ், எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று வருந்துவாராம். அவரைச் செல்லமாகச் சீண்டி எழுதியது. சூதான கவிதை, எச்சரிக்கையாக இருங்கள் என்று ஃப்ராஸ்ட்டே வாசகர்களிடம் சொன்னதுண்டு. இந்தப் பின்னணி தெரியாவிட்டாலும் குற்றமில்லை, இரண்டாம் மூன்றாம் பத்திகளே போதும்.

தவறு எங்கே நேர்கிறது? பாதை என்றால் வாழ்க்கை என்பது எல்லா மொழியிலும் தேய்ந்துபோன குறியீடு. பார்த்ததும் பொருள் தயாராகிவிடுகிறது. தயாரானபின் நடுவில் உள்ள வரிகளைக் கண் தொடுவதில்லை. விளக்கு, படகு, சிறகு, விதை, மெழுகுவத்தி இவையும் அப்படியே. எவ்வளவு பழகிய குறியீடோ அவ்வளவு மெதுவாகப் படியுங்கள்.

கேள்வி: அப்படியானால் கவிஞரிடமே கேட்டுவிடுவது எளிதல்லவா? (அதே வாசகர்)

பதில்: கேட்கலாம். அவர் சொல்வது ஒரு நல்ல வாசகரின் கருத்து. தாளில் இருக்கும் சொற்கள் அதற்கு இடம் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதையை மாணவர்களுக்கு நடத்தினேன். 'இதில் என்ன சார் இருக்கு?' என்றார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. வண்டி எதன் குறியீடு? (பள்ளி ஆசிரியர், சேலம்)

பதில்: எதன் குறியீடும் அல்ல என்று தைரியமாகச் சொல்லுங்கள். எல்லாக் கவிதையிலும் குறியீடு இருந்தே தீர வேண்டும் என்பது பாடத்திட்டம் ஏற்படுத்திய பழக்கம்.

1923-இல் வந்த அந்தக் கவிதைக்கு ஆங்கிலத்தில் மொத்தம் 16 சொற்கள், எட்டு வரிகள். இரண்டு இரண்டு வரியாக நான்கு பத்திகள். ஒவ்வொன்றிலும் முதல் வரிக்கு மூன்று சொல், இரண்டாம் வரிக்கு ஒரே சொல். ஒரு சிவப்புத் தள்ளுவண்டி, மேலே மழைநீர், பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். வண்டி என்றால் நம் தெருவில் காய்கறி விற்கிற நாலுசக்கர வண்டி அல்ல; கட்டட வேலையில் மணல் தள்ளுகிறார்களே, ஒற்றைச் சக்கரமும் இரண்டு கைப்பிடியும் உள்ளது, அது. இதைச் சொல்லாமல் நடத்தினால் மாணவர் மனதில் வேறு படம் ஓடும்.

அந்த வண்டிக்கான ஆங்கிலப் பெயர் ஒரே சொல். வில்லியம்ஸ் அதைச் சக்கரம் என்றும் தள்ளுகலம் என்றும் இரண்டு வரியில் பிளந்து வைத்தார். மழைநீரையும் அப்படியே மழை ஒரு வரி, நீர் ஒரு வரி. பெயர் உடைந்ததும், பழகிப்போய்ப் பார்க்காமல் விட்ட பொருளைக் கண் உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறது. ஈரத்தைச் சொல்ல அவர் எடுத்த சொல், மண்பாண்டத்துக்கு மேற்பூச்சுப் பூசிச் சுட்ட பளபளப்பைக் குறிக்கும் சொல். நனைந்தது என்று பொதுவாக எழுதியிருந்தால் அந்த மினுக்கம் வந்திருக்காது.

காட்சியல்லாத ஒரே கூற்று தொடக்கத்தில் இருக்கிறது: எவ்வளவோ இதைச் சார்ந்திருக்கிறது என்கிறார். எது சார்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை. உழவு, உழைப்பு, குடும்பம் என்று அந்த இடத்தை நிரப்பிக் கொடுக்காதீர்கள். நிரப்பியதும் மாணவர் வண்டியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். வில்லியம்ஸ் நியூ ஜெர்சியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே எழுதிய மருத்துவர். பொருள்களுக்கு வெளியே கருத்து இல்லை என்பது அவருடைய கொள்கை.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். கவிதையின் தமிழாக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, முதலில் 'சிவப்பு', 'வெள்ளை' இரண்டையும் அழித்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு நிறங்களைத் திரும்ப எழுதி, மழைநீருக்குப் பதில் தூசி என்று மாற்றுங்கள். மூன்றாவதாக முதல் கூற்றை மட்டும் அழியுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன குறைந்தது என்று மாணவர்களே சொல்லட்டும். பதினைந்து நிமிடம் போதும். 'என்ன இருக்கு?' என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: எலியட்டின் 'பாழ்நிலம்' ஏப்ரலை மிகக் கொடிய மாதம் என்று தொடங்குகிறது. வெயிலைச் சொல்கிறாரா? (வாசகர், மதுரை)

பதில்: மதுரையில் இருந்துகொண்டு வேறு எப்படி நினைக்க முடியும்! ஆனால் 1922-இல் வந்த அந்தக் கவிதையின் ஏப்ரல் இங்கிலாந்தின் இளவேனில். பனியின் கீழ் மரத்துக்கிடந்த வேர்களை மழை கிளறுகிறது, செத்த நிலத்திலிருந்து லைலாக் பூக்கிறது. மறந்து உறங்கியவனை எழுப்பி நினைவையும் ஆசையையும் திரும்பக் கொடுப்பதால் அது கொடுமை. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்திலிருந்து ஏப்ரல் மழையை இனியது என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்த முதல் வரி அறைவதுபோல விழுந்தது.

நேர்ப்பொருளுக்கு ஊரும் பருவமும் தேவை. ஆந்தை நமக்கு அபசகுனம். கிரேக்கர்களுக்கு அறிவுத் தெய்வத்தின் பறவை. வெள்ளை ஆங்கிலேய மணப்பெண்ணின் நிறம். நம் ஊரில் அது கைம்பெண்ணின் சேலை நிறமாக இருந்தது. பாஷோ 1686-இல் எழுதிய ஹைக்கூவில் பழைய குளத்தில் தவளை குதிக்கிறதே, ஜப்பானிய மரபில் தவளை இளவேனிலுக்குரிய பருவச் சொல். பழைய கவிகள் தவளையின் குரலைப் பாடினார்கள். பாஷோ குரலை விட்டுவிட்டு நீரின் ஓசையைக் கொடுத்தார். தவளை என்றதும் மழைக்காலத்தை நினைக்கிற நமக்கு இந்த இரண்டு செய்திகளும் தெரிந்தால்தான் அந்த 'களக்' எவ்வளவு புதிது என்று தெரியும்.

கேள்வி: சங்க இலக்கிய உள்ளுறையும் இன்றைய குறியீடும் ஒன்றுதான், புதிதாக எதுவும் வரவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். உங்கள் கருத்து? (தமிழாசிரியை, திருநெல்வேலி)

பதில்: உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. இயற்கைக் காட்சி ஒன்றுக்குள் வேறு பொருளை மறைத்துச் சொல்வது உள்ளுறை. அதற்குத் தொல்காப்பியம் எல்லை கட்டியிருக்கிறது: தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு வர வேண்டும். மரம், மீன், பறவை, விலங்கு இவைதான் கருவி. குறுந்தொகை எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார், வயலோரத்து மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தைப் பொய்கையின் வாளைமீன் கவ்வுகிற ஊரைக் காட்டுகிறார். பேசுகிறவள் காதற்பரத்தை, அதாவது மனைவிக்கு அப்பால் தலைவன் உறவு கொண்ட பெண். பழம் தானாக விழுந்தது, மீன் தேடிப் போகவில்லை. தலைவனை நாங்கள் இழுக்கவில்லை, அவனே வந்தான் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள். பழத்துக்கு ஒருவன், மீனுக்கு ஒருத்தி. ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடுகிறது.

இருபத்தைந்தாம் பாட்டுக்கு வாருங்கள். கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு தான்மணந்த ஞான்றே.

அவன் என்னைக் கூடிய நாளில் யாருமில்லை. அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற கால்களோடு, ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்து நின்ற குருகும் இருந்தது. இங்கே குருகு யார்? தலைவனா, தோழியா, ஊரா? யாருக்கும் நேராகப் பொருத்த முடியவில்லை. அது உண்மையிலேயே அங்கே நின்ற பறவை. ஒரே சாட்சி. வாய் பேசாது, கண்ணும் மீன்மேல்தான். 'குருகும்' என்ற உம்மையில் அவளுடைய பரிதவிப்பு முழுவதும் தொங்குகிறது: யாரும் இல்லை என்றவள், இல்லை, ஒன்று இருந்தது என்று நினைவைத் துழாவுகிறாள். காலைத் தினைத்தாளுக்கு ஒப்பிட்ட நுணுக்கம், அந்த நேரத்தில் அவள் எவ்வளவு கூர்ந்து அதைப் பார்த்திருக்கிறாள் என்றும் காட்டிவிடுகிறது. மீனுக்காகக் காத்திருந்த அதன் பசி, அவனையும் ஒரு கணம் நினைக்க வைக்கிறது, ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. இன்றைய குறியீட்டுக்கு மிக அருகில் நிற்பது எட்டாம் பாட்டைவிட இதுதான்.

வேறுபாடு எங்கே என்றால், சங்கப் புலவர்க்கும் கேட்பவர்க்கும், நிலத்தையும் உணர்வையும் இணைக்கிற திணை என்ற பொது ஒப்பந்தம் இருந்தது. வயல்சூழ்ந்த மருதம் என்றால் ஊடல் என்று ஒவ்வொரு பாட்டிலும் நிறுவ வேண்டியதில்லை. ந. பிச்சமூர்த்தி 1934-இல் 'மணிக்கொடி'யில் எழுதத் தொடங்கி, 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் கிளைவிட்ட புதுக்கவிதைக்கு அந்த ஒப்பந்தம் கிடையாது. ஒரு மரங்கொத்தி எதைச் சுமக்கிறது என்பதைக் கவிஞர் அந்தக் கவிதைக்குள்ளேயே கட்ட வேண்டும். அதற்கு அவரிடம் இருப்பவை சிலதான்: தலைப்பு, திரும்ப வருதல், வரி முறியும் இடம், பக்கத்தில் வைத்த பொருள். 'புதுக்கவிதை புரியவில்லை' என்ற குறையில் பாதி இங்கிருந்து வருகிறது. வாசகர் வெளியே பொருள் தேடுகிறார். திறவுகோல் உள்ளே வேறு வரியில் கிடக்கிறது.

கேள்வி: என் கவிதைகளைத் திருப்பி அனுப்பும்போது 'குறியீடு துருத்திக்கொண்டு நிற்கிறது' என்று எழுதுகிறார்கள். நான்கு வரி அனுப்புகிறேன். என்ன பிழை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வறுமையின் அடுப்பில்
கண்ணீர் கொதிக்கிறது
நம்பிக்கையின் பூனை
சாம்பலில் உறங்குகிறது

(வாசகர், விழுப்புரம்)

பதில்: உங்கள் கையில் அடுப்பு, சாம்பல், பூனை என்ற மூன்று நல்ல பொருள்கள் இருக்கின்றன. அவற்றை நம்பாமல் விட்டுவிட்டீர்கள்.

முதலில் நேர்ப்பொருள். இரண்டாம் வரியில் ஏதோ கொதிக்கிறது. அப்படியென்றால் அடுப்பு எரிகிறது. நான்காம் வரியில் அதே அடுப்புச் சாம்பலில் பூனை தூங்குகிறது. எரிகிற அடுப்பில் எந்தப் பூனையும் தூங்காது. அடுப்பில் பூனை தூங்குகிறது என்று நம் மக்கள் சொல்வதே அங்கே தீ மூட்டி நாளாயிற்று என்பதைக் காட்டத்தான். இரண்டு வரியும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. குறியீட்டைத் தேடுகிற வேகத்தில் அடுப்பைப் பார்க்க மறந்ததால் வந்த வினை இது.

அடுத்து, 'வறுமையின் அடுப்பு', 'நம்பிக்கையின் பூனை'. கருத்துப் பெயரையும் கண்ணால் காணும் பொருளையும் இன்-உருபால் ஒட்டுகிற இந்த வழக்கத்தை 1913-இலேயே பவுண்ட் கடிந்தார். 'அமைதியின் மங்கலான நிலங்கள்' என்று எழுதாதீர்கள், அது படிமத்தை மழுக்கிவிடும், இயற்கைப் பொருளே எப்போதும் போதுமான குறியீடு என்றார். அடுப்புக்கு மேலே வறுமை என்று சீட்டு ஒட்டியபின் வாசகருக்குச் செய்ய ஒன்றுமில்லை. பூனைக்கு நீங்கள் இரண்டு வேலை கொடுத்துவிட்டீர்கள்: அடுப்பு அணைந்ததையும் அது சொல்ல வேண்டும், நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு வேலைதான் தாங்கும்.

புறநானூறு 164-இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டு அடுப்பைக் காட்டுகிறார்: 'ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப'. சமைப்பதையே மறந்துபோன, பக்கம் உயர்ந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பசி என்ற சொல் பிறகுதான் வருகிறது. அதற்குள் காளான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டது. காளான் வளர ஈரம் வேண்டும், நாள் வேண்டும், யாரும் தொடாமல் இருக்க வேண்டும். எத்தனை நாள் பட்டினி என்ற கணக்கு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

உங்கள் வரிகளில் இப்படிக் கைவைத்துப் பாருங்கள். இன்-உருபு ஏற்ற கருத்துப் பெயர்களை அடிக்கோடிட்டு அடித்துவிடுங்கள். வறுமையும் நம்பிக்கையும் போய்விடும். மிஞ்சியதில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்க முடியாதது எது என்று பாருங்கள். கண்ணீர் கொதிப்பதும் போய்விடும். இப்போது அடுப்பு, சாம்பல், பூனை மட்டும் இருக்கின்றன. இவற்றுக்கு இடையே மனிதர் யாராவது ஏதாவது செய்கிறார்களா, செய்யாமல் விடுகிறார்களா என்று கேளுங்கள். எடுத்துக்காட்டாக:

அடுப்பில்
சாம்பல் ஆறி நாளாயிற்று
பூனை சுருண்டிருக்கிறது
அம்மா அதை எழுப்பவில்லை

இதுதான் சிறந்த வடிவம் என்று சொல்லவில்லை. ஆனால் பூனையைப் பூனையாகவே விட்டபின், எழுப்பாமல் விட்ட அந்தக் கையில் வேறு ஏதோ சேர்ந்துகொண்டதைக் கவனியுங்கள். இரக்கமா, சோர்வா, அடுப்பு மூட்ட எதுவும் இல்லை என்பதா? மூன்றும் நிற்கும். நீங்கள் எழுதியபோது ஒன்றுதான் நின்றது, அதுவும் எழுதிக் காட்டிய ஒன்று.

இன்னும் இரண்டு செய்திகள். இருபது வரிக் கவிதைக்குக் கனமான குறியீடு ஒன்று போதும். இரண்டாவது வந்தால் முதலாவதின் காலை வாரிவிடும். அடுத்தது, பொறுமை. பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தில் கண்ட முகங்களைப் பற்றிப் பவுண்ட் முதலில் 30 வரி எழுதினார், கிழித்துப்போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு எழுதினார். இன்னும் ஓராண்டு கழித்து இரண்டே வரியாக வந்தது. 1913-இல் அச்சாகி இன்றும் படிக்கப்படுவது அந்த இரண்டு வரிகள்தான். நீங்கள் ஓராண்டு வைக்க வேண்டாம், பத்து நாள் வையுங்கள். எடுத்துப் படிக்கும்போது முதலில் கடைசி வரியைக் கையால் மூடிக்கொண்டு படியுங்கள். மூடியபிறகும் கவிதை முடிந்திருந்தால், அந்த வரி விளக்கவுரை. அதை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.